அமெரிக்கத் தேர்தல் பிரசாரம்: ஓட்டு ஒருவரிடம், செக் புத்தகம் வேறொருவரிடம்

கேள்வி: அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சிக்கு விழும் ஓட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் வெள்ளையர் அல்லாதவர்களுடையது. ஆனால் அந்தக் கட்சிக்காரர்களின் பிரசாரங்களை நடத்தும் மேலாளர்கள், கருத்துக்கணிப்பாளர்கள், விளம்பர ஆலோசகர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். பாகுபாடுதான் காரணமா? ஒரு பிரசாரக் குழு உண்மையிலேயே மாற நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

பாகுபாடு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் எங்கே கை வைப்பது என்பது தெரியாமலே போய்விடும். என் பதில் சுருக்கமாக இதுதான்: ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டுச் செலவுக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கப் பிரசார அலுவலகம் ஒன்றுக்குள் போனால் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), ஆசிய இளைஞர்கள் நிறையவே கண்ணில் படுவார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு பில்லைப் பார்த்து "சரி, கொடுத்துவிடு" என்று சொல்லும் இடத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால், அலுவலகம் சட்டென்று வெளுத்துவிடும்.

பணம் எப்படிப் போகிறது என்று முதலில் பார்ப்போம். நாடாளுமன்றக் கீழவைத் தொகுதி ஒன்றில் கடும் போட்டி என்றால் வேட்பாளரின் குழு மட்டுமே சில பத்து லட்சம் டாலர் செலவழிக்கும். சம்பளத்துக்கு இருப்பவர்கள் பத்திலிருந்து இருபத்தைந்து பேர்: பிரசார மேலாளர், நிதி திரட்டும் பொறுப்பாளர், களப் பொறுப்பாளர், ஊடகத் தொடர்பாளர், அவர்களுக்குக் கீழே வீடு வீடாகப் போகும் களப் பணியாளர்கள். இவர்களுக்கு வெளியே தனி நிறுவனங்கள் இருக்கும். கருத்துக்கணிப்புக்கு ஒன்று, தொலைக்காட்சி விளம்பரத்துக்கு ஒன்று, தபாலில் போகும் துண்டறிக்கைக்கு ஒன்று, இணைய விளம்பரத்துக்கு ஒன்று, கணக்கு வழக்குக்கு ஒன்று. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் விளம்பரத்துக்குப் போகும். விளம்பர நேரத்தை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பழைய வழக்கப்படி 15 சதவீதம் கமிஷன். பெரிய பிரசாரங்கள் பேரம் பேசி இதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. சின்ன வேட்பாளர்கள் இன்றும் பழைய விகிதத்துக்கு அருகில் கொடுக்கிறார்கள். 10 லட்சம் டாலருக்கு நேரம் வாங்கினால் 15 சதவீதக் கணக்கில் 1,50,000 டாலர். மாதம் 4,000 டாலருக்கு ஆறு மாதம் தெருத் தெருவாக நடந்தவருக்குக் கிடைப்பது 24,000. இரண்டும் ஒரே பிரசாரத்தின் கணக்கு.

ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவும் செனட் (மேலவை), கீழவைத் தேர்தல்களைக் கவனிக்கும் இரண்டு குழுக்களும் 2010, 2012 தேர்தல்களில் ஆலோசனை நிறுவனங்களுக்கு 50 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. அதில் வெள்ளையர் அல்லாதோர் நடத்தும் நிறுவனங்களுக்குப் போனது 1.7 சதவீதம். பவர்பேக் பிளஸ் என்ற அமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. வெள்ளை மாளிகையில் ஒபாமா இருந்த ஆண்டுகளின் கணக்கு என்பதைக் கவனியுங்கள். வேட்பாளரின் நிறம் மாறினால் அவருக்குக் கீழே எல்லாம் மாறிவிடும் என்ற நம்பிக்கை இந்த ஓர் எண்ணிலேயே அடிபட்டுப்போகிறது.

இந்த மாதிரிக் கணக்கை நீங்களே உட்கார்ந்தும் போடலாம். நாடாளுமன்றத்துக்கோ ஜனாதிபதி பதவிக்கோ போட்டியிடும் ஒவ்வொரு குழுவும் யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காக, எவ்வளவு கொடுத்தது என்று மத்திய தேர்தல் ஆணையத்திடம் தாக்கல் செய்தாக வேண்டும். ஒரே ஆளுக்குக் கொடுத்த தொகை 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரியோடு வரும். ஆணையத்தின் இணையதளத்தில் 'ஷெட்யூல் பி' என்ற பகுதியை இறக்கி, தொகை வாரியாக அடுக்கி, மேலே இருக்கும் இருபது நிறுவனங்களின் பங்குதாரர்கள் யார் என்று பார்த்தாலே படம் தெரிந்துவிடும். இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். விளம்பர நிறுவனத்தின் பெயரில் 50 லட்சம் டாலர் இருந்தால் அதில் பெரும்பகுதி தொலைக்காட்சி நிலையங்களுக்குப் போய்விடும். நிறுவனத்துக்கு மிஞ்சுவது கமிஷன்தான். அதைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் கணக்கு கோணலாகிவிடும். இன்னொன்று, அந்த நிறுவனம் வேலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த இரண்டாவது நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் தாக்கலில் வராது. ஆணையத்தின் படிவத்தில் இனம் என்ற கட்டமே கிடையாது. அதனால் அரசு தரும் புள்ளிவிவரம் இதற்கு இல்லை. வருகிற ஆய்வுகள் எல்லாம் இப்படிக் கையால் தேடிச் சேர்த்தவை.

பக்கத்து வீட்டுக் கணக்கு ஒன்று உண்டு. பிரசாரத்தில் மேலே வந்தவர்கள்தான் பெரும்பாலும் பிறகு செனட் அலுவலகங்களுக்குப் போகிறார்கள். வாஷிங்டனில் உள்ள ஜாயின்ட் சென்டர் ஆய்வு மையம் 2015-ல் எண்ணியபோது செனட் அலுவலகங்களின் உயர் பதவிகளில் வெள்ளையர் அல்லாதோர் 7.1 சதவீதம். 2020-ல் 11 சதவீதம். அதே 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லத்தீனோ அல்லாத வெள்ளையர் 57.8 சதவீதம்தான்.

சரி, கீழே இருப்பவர்கள் ஏன் மேலே வருவதில்லை?

நுழைவிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. பல காலம் பிரசாரத்தில் முதல் வேலை என்றாலே சம்பளமில்லாத பயிற்சி வேலைதான். நாடாளுமன்ற அலுவலகங்களில் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க 2018-ல் தனி நிதி ஒதுக்கினார்கள். ஒவ்வொரு கீழவை உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர். 'பே அவர் இன்டர்ன்ஸ்' அமைப்பு விடாமல் கேட்டதன் பலன் அது. அந்தப் பணத்தைப் பிரசாரத்துக்குத் தொட முடியாது. அடுத்த படி களப் பணியாளர் வேலை. சொந்தக் கார் வேண்டும், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும், சொன்ன ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். அந்த ஊர் எது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஜனாதிபதித் தேர்தலின் முதல் களம் அயோவா, அடுத்தது நியூ ஹாம்ப்ஷயர். இரண்டும் மிகப் பெரும்பான்மை வெள்ளையர் வாழும் மாநிலங்கள். "அயோவாவில் வேலை பார்த்தவர்" என்பது இந்தத் தொழிலில் ஒரு பட்டம் மாதிரி. மிசிசிப்பியின் கறுப்பினக் குடியிருப்புகளில் பத்து வருடம் வாக்காளர் பதிவு செய்தவருக்கு அந்தப் பட்டம் கிடையாது. 2024-க்கு ஜனநாயகக் கட்சி தென் கரோலினாவை முதல் மாநிலமாக வைத்ததற்கு அங்குள்ள கறுப்பின வாக்காளர்கள்தான் காரணமாகச் சொல்லப்பட்டார்கள். பிரசாரத்தில் வேலை பார்ப்பவர்கள் பக்கத்திலும் அதற்கு ஒரு விளைவு உண்டு என்பதை அதிகம் பேர் பேசுவதில்லை.

கதவு தட்டும் வேலையிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. ஜேனல் பைனம் ஒரிகன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், கறுப்பினப் பெண். 2018 ஜூலையில் கிளாக்கமஸ் பகுதியில் தன் சொந்தத் தொகுதியிலேயே வீடு வீடாகப் போய், பேசியதைக் கைபேசியில் குறித்துக்கொண்டிருந்தார். யாரோ சந்தேகப்பட்டுப் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கே இது என்றால் இருபத்திரண்டு வயதுக் களப் பணியாளருக்கு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் களப் பொறுப்பாளர் பகுதி பிரித்துக் கொடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 40 முதல் 60 வீடு, இரண்டரை மணி நேரம், இருவர் இருவராக, தெருவின் எதிரெதிர்ப் பக்கம், ஒருவர் கண்ணில் மற்றவர் படும்படி. வேட்பாளர் பெயர் தெரியும் சட்டையோ அட்டையோ கட்டாயம். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். "இந்தத் தெரு வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்காக அவருடைய வாராந்திரக் கதவு எண்ணிக்கையில் கழிக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதி இல்லாத இடத்தில் மற்றவை வெறும் காகிதம். எண்ணிக்கை குறைந்தால் வேலை போய்விடும் என்று பயந்து யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆனால் ஆட்கள் அதிகமாக உதிர்வது நவம்பரில். அமெரிக்கத் தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு மறுநாள். பல பிரசாரங்களில் நவம்பர் நடுவிலோ கடைசியிலோ சம்பளம் நின்றுவிடும், மருத்துவக் காப்பீடும் அதோடு போகும். அடுத்த சுற்று வேலைகள் பிப்ரவரி, மார்ச்சில்தான் தொடங்கும், அதுவும் தேசியத் தேர்தல் இல்லாத ஒற்றைப்படை ஆண்டு என்பதால் சில மாநிலங்களில் மட்டும். இடையில் மூன்று நான்கு மாதம் வாடகை கட்ட அப்பா அம்மாவிடம் பணம் இருப்பவர் காத்திருப்பார். ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பவேண்டியவர் பள்ளிக்கூட வேலைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போய்விடுவார். போனவர் திரும்புவதில்லை. இரண்டு தேர்தல் பார்த்துத் தேறி, மூன்றாவதில் மேலாளராக வேண்டியவர் இந்த இடைவெளியில்தான் காணாமல் போகிறார். கறுப்பின, லத்தீனோக் குடும்பங்களின் சேமிப்பு வெள்ளைக் குடும்பங்களுடையதைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் இந்த உதிர்வு எல்லார் மீதும் சமமாக விழாது. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று ஜனவரியில் கை விரிப்பவர்கள், போன நவம்பரில் யாரையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினோம் என்ற பட்டியலை எடுத்துப் பார்க்கலாம்.

இதற்குத் தீர்வு பெரிய ரகசியமில்லை. டிசம்பர் 31 வரை சம்பளமும் காப்பீடும் கொடுப்பதற்கான தொகையைப் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக வைக்க வேண்டும், செப்டம்பரிலேயே அதைத் தொடக்கூடாத பணமாகப் பூட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் அக்டோபர் கடைசி வாரத்தில் "இன்னும் ஒரே ஒரு விளம்பரம்" என்று ஆலோசகர் கேட்கும்போது முதலில் கரைவது அதுதான். 4,000 டாலர் சம்பளத்தில் பதினைந்து பேருக்கு ஆறு வாரம் கூட்டினால், வரி, காப்பீடு சேர்த்து, ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேலே வரும். கடைசி வாரத்தில் நடுத்தர நகரம் ஒன்றின் தொலைக்காட்சியில் சில நாளில் எரிந்துபோகும் தொகை. கட்சி அளவில் இதைவிட நல்ல வழி, மாநிலக் கட்சி அலுவலகங்களில் வருடம் முழுவதும் ஆள் வைத்திருப்பது. ஹோவர்ட் டீன் 2005-ல் தேசியக் குழுத் தலைவரானதும் எல்லா மாநிலங்களிலும் ஊழியர்களுக்குக் கட்சிச் செலவில் சம்பளம் கொடுத்தது அந்த வழியில்தான்.

அதே டீன்தான் கார்னல் பெல்ச்சரைத் தேசியக் குழுவின் கருத்துக்கணிப்பாளராகக் கொண்டுவந்தார். பெரிய கட்சி எதிலும் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். பிறகு ஒபாமாவின் இரண்டு பிரசாரங்களிலும் கணிப்பு செய்தார். கதவைத் திறந்துவிட யாராவது மேலே இருக்க வேண்டியிருக்கிறது. இதற்கு இன்னும் பெரிய உதாரணம் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற 1984, 1988 போட்டிகள். ஜாக்சன் வெல்லவில்லை. ஆனால் 1984-ல் அவரிடம் வேலை பார்த்த டோனா பிரேசில் 2000-ல் அல் கோரின் பிரசார மேலாளரானார், பெரிய கட்சியின் ஜனாதிபதி வேட்பாளருக்கு அப்படி மேலாளராக இருந்த முதல் கறுப்பினப் பெண். 1988-ல் ஜாக்சனுக்காக மாநாட்டு வேலைகளைப் பார்த்த ரான் பிரவுன் அடுத்த ஆண்டே தேசியக் குழுத் தலைவர். ஜாக்சனிடம் வேலை பார்த்த மின்யன் மூர் கிளிண்டனின் வெள்ளை மாளிகைக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், அந்த 1988 ஜாக்சன் பிரசாரத்தின் மேலாளர் ஜெரால்ட் ஆஸ்டின் என்ற வெள்ளையர்.

2020 தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சி உட்போட்டியில் காட்சி கொஞ்சம் மாறியது. வாரனுக்கு ரோஜர் லாவ், சாண்டர்ஸுக்கு ஃபைஸ் ஷாகிர், புக்கருக்கு அடிசு டெமிஸி, ஹாரிஸுக்கு ஹுவான் ரொட்ரிகெஸ், காஸ்ட்ரோவுக்கு மாயா ரூபர்ட் என்று மேலாளர் நாற்காலியில் வெள்ளையர் அல்லாத பலர் வந்தார்கள். பைடனின் பிரசாரத்தில் ஒப்பந்தம், அலுவலகச் செலவு எல்லாம் பார்க்கும் தலைமை நிர்வாகப் பொறுப்பில் கேரளப் பெற்றோருக்குப் பிறந்த மஜு வர்கீஸ் இருந்தார். இந்த மாதிரிப் பதவி தொலைக்காட்சியில் தெரியாது, ஆனால் கையெழுத்து அங்கேதான் விழும். 2024-ல் பைடனுக்கும் பிறகு ஹாரிஸுக்கும் மேலாளர் ஜூலி சாவெஸ் ரொட்ரிகெஸ் என்ற லத்தீனோப் பெண், துணையாக குவென்டின் ஃபுல்க்ஸ் என்ற கறுப்பினத்தவர். ஆனால் ஜனவரி 2024-ல் வெள்ளை மாளிகையிலிருந்து ஜென் ஓமாலி டில்லன் என்ற வெள்ளைப் பெண் வந்து பிரசாரத்தின் தலைவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பெயர்ப் பலகையைப் பார்த்து அதிகாரத்தை அளக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நம் பத்திரிகைகள் ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துப் பூஜையை எழுதிய அளவுக்கு அந்தப் பிரசாரத்தை யார் நடத்தினார்கள் என்பதை எழுதவில்லை.

பெயர்ப் பலகைப் பிரச்சினை மிக மோசமாக இருப்பது 'சமூகக் கூட்டணிப் பொறுப்பாளர்' என்ற பதவியில். கறுப்பின வாக்காளருக்கு ஒருவர், லத்தீனோவுக்கு ஒருவர், ஆசியர்களுக்கு ஒருவர் என்று வைப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் சேர்ப்பார்கள். பட்ஜெட் கிடையாது, ஆள் கிடையாது. நாலு கூட்டம், ஒரு தேவாலய விஜயம், ஒரு நன்றி அறிக்கை. தொலைக்காட்சி நேரத்தை எல்லாம் கோடையிலேயே முன்பதிவு செய்து முடித்திருப்பார்கள், ஸ்பானிய மொழி வானொலிக்கு அக்டோபரில் மிச்சம் மீதி வரும். பிறகு அந்தச் சமூகத்தில் ஓட்டு குறைந்தால் குற்றம் இவர் தலையில். இவரை அடுத்த தேர்தலில் எடுத்தாலும் அதே பதவிக்குத்தான் எடுப்பார்கள்.

2020-ல் சாண்டர்ஸின் மூத்த ஆலோசகர் சக் ரோச்சா இதைத் தலைகீழாகச் செய்தார். லத்தீனோ என்று தனித் துறை வைக்கவில்லை; களம், விளம்பரம், தரவு, ஊடகம் என்று ஒவ்வொரு துறைக்குள்ளும் முடிவெடுக்கும் இடத்தில் லத்தீனோக்களை முதலிலிருந்தே வைத்தார். நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வித்தியாசத்தில் வென்றார், லத்தீனோ ஓட்டில் பாதியளவு அவருக்கு விழுந்தது. சாண்டர்ஸின் கொள்கைக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் பணத்தை முன்கூட்டியே செலவழித்தது தெளிவாகத் தெரிந்தது.

மேசையில் யார் இருக்கிறார்கள் என்பது கருத்துக்கணிப்பை எப்படிப் பாதிக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மாநில அளவில் 600 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு ஏறத்தாழ 4 புள்ளி. வாக்காளரில் 12 சதவீதம் லத்தீனோ என்றால் அந்த 600-ல் அவர்கள் 72 பேர். 72 பேருக்கான பிழை வரம்பு 11.5 புள்ளி. "லத்தீனோக்களிடம் நமக்கு 62 சதவீதம்" என்று அறிக்கை சொன்னால் உண்மை 50-ஆகவும் இருக்கலாம், 73-ஆகவும் இருக்கலாம். அந்த 72 பேரையும் ஆங்கிலத்தில் மட்டும் கேட்டிருந்தால் ஸ்பானியம் மட்டுமே பேசும் வயதானவர்கள் விட்டுப்போயிருப்பார்கள். இதைச் சரிசெய்ய அந்தச் சமூகத்தில் மட்டும் கூடுதலாக 300, 400 பேரிடம் கேட்டு, மொத்தத்தில் சேர்க்கும்போது அவர்கள் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் இரு மொழியும் பேச வேண்டும். செலவு கூடும். அதனால் திட்டக் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவது இது. "72 பேரை வைத்து எப்படி முடிவெடுப்பது?" என்று கேட்க அங்கே யாராவது இருந்தால்தான் பிழைக்கும். மயாமியின் கியூபர்களையும், ஆர்லாண்டோ பக்கத்துப் போர்ட்டோ ரிக்கோக்காரர்களையும், டெக்சாஸ் எல்லையின் மெக்சிகோ வம்சாவளியினரையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டும்போதும் அதே ஆள்தான் தேவைப்படுகிறார். டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் 2016-ல் ஹிலாரி கிளிண்டன் 60 புள்ளி முன்னிலை, 2020-ல் பைடன் 5 புள்ளி, 2024-ல் டிரம்ப் வென்றார். ஆலோசகர்களின் நிறம்தான் இதற்குக் காரணம் என்றால் அது மிகை. எல்லைக் காவல், எண்ணெய் வேலை, விலைவாசி எல்லாம் சேர்ந்தது. ஆனால் சரிவு தொடங்கியதை முன்கூட்டியே பார்க்கும் கண் பல பிரசாரங்களில் இல்லை என்பது வாஸ்தவம்.

குடியரசுக் கட்சிப் பக்கம் சுருக்கமாக. 2012-ல் ஜனாதிபதி வேட்பாளர் ராம்னிக்கு லத்தீனோ ஓட்டில் 27 சதவீதம்தான் கிடைத்தது. 2013 மார்ச்சில் கட்சி தானே வெளியிட்ட பரிசோதனை அறிக்கை, சிறுபான்மைச் சமூகங்களிலிருந்து ஊழியர்களை எடுக்கச் சொன்னது; முதல் கட்டமாக 1 கோடி டாலர் அறிவித்தார்கள். 2021-க்குப் பிறகு டெக்சாஸின் லரேடோ, மெக்காலன், கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் போன்ற ஊர்களில் சமூக மையங்கள் திறந்தார்கள்; பின்னால் பலவற்றை மூடியும் விட்டார்கள். ஆலோசகர் கூட்டம் பெரிதாக மாறாமலே டிரம்ப் லத்தீனோ ஓட்டைக் கூட்டிக்கொண்டார். ஆட்களை மாற்றினால் ஓட்டு தானாக வரும் என்று விற்பவர்களுக்கு இது இடிக்கும். என்னைக் கேட்டால், வேலை நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்கு ஓட்டு லாபத்தைச் சாட்சிக்கு இழுக்கவே வேண்டியதில்லை.

இனி, என்ன செய்வது. ஆள் எடுக்கும் விதத்தில் தொடங்குங்கள். பிரசாரங்களில் வேலை விளம்பரம் வருவதே குறைவு. மேலாளர் தனக்குத் தெரிந்த ஐந்து பேருக்குக் குறுஞ்செய்தி போடுவார், மூன்றாம் நாள் ஆள் வந்துவிடும். தெரிந்தவர் வட்டம் எப்படியோ அப்படியே அலுவலகம். உயர் பதவிகளுக்கு மட்டுமாவது பத்து நாள் விளம்பரம் கொடுத்தே தீர வேண்டும், சம்பள எல்லையோடு. 'இன்க்ளூசிவ்' போன்ற அமைப்புகள் வைத்திருக்கும் ஆட்கள் பட்டியலில் முதல் நாளே போட வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி எல்லாரிடமும் அதையே கேட்க வேண்டும். பேச்சைவிட வேலையைப் பாருங்கள்: களப் பொறுப்பாளர் பதவிக்கு ஒரு தொகுதியின் எண்களைக் கொடுத்து 90 நிமிடத்தில் திட்டம் போடச் சொல்லுங்கள். 3,00,000 பேர் ஓட்டுப் போடுவார்கள், 52 சதவீதம் இலக்கு என்றால் 1,56,000 ஓட்டு. அதில் கட்சியின் நிச்சய ஓட்டு போக எத்தனை பேரை மனம் மாற்ற வேண்டும், அதற்கு எத்தனை கதவு, எத்தனை ஆள், எத்தனை வாரம்? இந்தத் தாளில் பெயரை மறைத்துத் திருத்தலாம். "நம் கூட்டத்துக்கு ஒத்துவருவாரா" என்ற கேள்வியை மதிப்பெண் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். சார்பு அந்தத் துளை வழியாகத்தான் நுழைகிறது. இறுதிப் பட்டியலில் ஒருவராவது வெள்ளையர் அல்லாதவர் இருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கக் கால்பந்து லீக் 2003-ல் பயிற்சியாளர் தேர்வுக்குக் கொண்டுவந்தது, பிரசாரக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒருவர் என்றால் அவரைப் பேருக்குக் கூப்பிட்டுப் பேசி அனுப்புவது வழக்கமாகிவிடும். இரண்டு பேராவது இருக்கட்டும்.

நிறுவன ஒப்பந்தங்கள்தான் கடினமான பகுதி. சின்ன நிறுவனம் வேலையில் தோற்பதைவிடக் கையிருப்பில் தோற்பதே அதிகம். தொலைக்காட்சி நிலையம் அரசியல் விளம்பரத்துக்கு முன்பணம் கேட்கும், தபால் துறை தபால் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கும். பில் கொடுத்து முப்பது நாளில் பணம் என்ற நிபந்தனை போட்டால், 2 லட்சம் டாலரைச் சொந்தக் கையிலிருந்து போடக்கூடியவர் மட்டும்தான் போட்டிக்கு வர முடியும். தபால் கட்டணத்தையும் ஒளிபரப்புக் கட்டணத்தையும் பிரசாரமே நேரடியாகக் கட்டி, நிறுவனத்துக்கு அதன் கூலியில் பாதியை முன்பணமாகக் கொடுத்தால் இந்தத் தடை போய்விடும். செலவு ஒரு சென்ட்கூட அதிகமாகாது.

இன்னொரு பழைய தந்திரம் உண்டு. வேலை கேட்டு வரும் கூட்டத்துக்கு ஒரு கறுப்பினப் பங்குதாரரை அழைத்து வருவார்கள், ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவரைக் காணவே முடியாது. ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும்: இந்த வேலையை அன்றாடம் பார்க்கப்போவது யார் என்று பெயரோடு, உள்குத்தகை என்றால் யாருக்கு, எத்தனை சதவீதம், மாதாமாதம் அந்தத் தொகையின் கணக்கு. சிறுபான்மை நிறுவனம் என்று சொன்னால் குறைந்தது 51 சதவீத உரிமை என்பது வணிக உலகில் சான்றிதழுக்கான வழக்கமான அளவு. கட்சிக் குழுக்களின் நடத்தையும் பாதிக்கும். பதவியில் இருக்கும் கட்சிக்காரரை உட்கட்சிப் போட்டியில் எதிர்த்து நிற்பவர்களுக்கு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடையாது என்று ஜனநாயகக் கட்சியின் கீழவைக் குழு 2019-ல் அறிவித்தது. புதிய, சின்ன நிறுவனங்களுக்கு முதல் வாய்ப்பே அப்படிப்பட்ட எதிர்வேட்பாளர்களிடம்தான் என்பதால் அடி அங்கே விழுந்தது. அந்தத் தடையை 2021-ல் எடுத்தார்கள். இடையில், 2019 ஜூலையில், உயர் பதவிகளில் பன்முகத்தன்மை இல்லை என்று அந்தக் குழுவுக்குள்ளேயே கலகம் வெடித்து, நிர்வாக இயக்குநரும் மூத்த ஊழியர்கள் சிலரும் ஒரே நாளில் வெளியேறியதும் நடந்தது.

சட்டத்தில் கால் வைக்கும் இடம் பார்த்து வைக்க வேண்டும். வேலைப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 சட்டத்தின் ஏழாம் பிரிவு, வருடத்தில் 20 வாரமாவது 15 ஊழியர் இருக்கும் அலுவலகத்துக்குத்தான் பொருந்தும். சின்னப் பிரசாரங்கள் இதில் நழுவிவிடும், ஆனால் பல மாநிலச் சட்டங்கள் இன்னும் சிறிய அலுவலகங்களையும் பிடிக்கும். 1866-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த 1981-ஆவது பிரிவுக்கு ஊழியர் எண்ணிக்கை வரம்பே இல்லை, ஒப்பந்தங்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் "இந்த வேலை கறுப்பினத்தவருக்கு மட்டும்", "இந்த ஒப்பந்தம் லத்தீனோ நிறுவனத்துக்கு மட்டும்" என்று எழுதவே கூடாது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று வைத்திருந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் உதவித்தொகை இந்தப் பிரிவில்தான் 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அடி வாங்கியது. விளம்பரம் போகும் இடங்களை விரிப்பது, முன்பணம் கொடுப்பது, தேர்வுத் தாள் வைப்பது எல்லாம் எல்லாருக்கும் பொதுவானவை, அவற்றில் சிக்கல் இல்லை.

கணக்கெடுக்கும்போது மொத்தச் சதவீதம் போடாதீர்கள். அது நன்றாகத்தான் தெரியும், கீழே இருக்கும் களப் பணியாளர்கள் அதைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். நாலு நிரல் போடுங்கள்: பதவி, சம்பளப் படி, சேர்ந்த மாதம், தன் கையெழுத்தில் எவ்வளவு வரை செலவழிக்கலாம். இனம் பற்றிய தகவலை விருப்பப்பட்டவர்கள் மட்டும் தரட்டும். வேலைக்கு எடுக்கும் ஆட்கள் கண்ணில் படாதபடி தனியே வையுங்கள், ஐந்து பேருக்குக் குறைவான பிரிவை வெளியே சொல்ல வேண்டாம், யாரென்று தெரிந்துவிடும். மார்ச்சில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை எடுத்தால் போதும். ஆகஸ்டில் எடுத்ததை வைத்து இன்னும் பத்து வாரம் திருத்த நேரம் இருக்கும். நவம்பரில் எடுப்பது அறிக்கை எழுதத்தான் உதவும்.